பதினைந்தாவது மட்டை

1991ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி திங்கட்கிழமை காலை, மலேசியாவின் கிள்ளானுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த ஒரு கோல்ஃப் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டன. மே முதல் தேதியிலிருந்து மைதானத்தில் இருபத்துநான்கு மின்வண்டிகள் ஓடும், உறுப்பினர்களின் பைகளைச் சுமக்கும் ஆட்கள் அதன்பின் தேவைப்பட மாட்டார்கள் என்றது முதல் தாள். பயிற்சித் திடலுக்குத் துணைப் பயிற்றுநர் ஒருவர் எடுக்கப்படுவார், பை சுமப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், ஏப்ரல் 8ஆம் தேதி பதினெட்டுக் குழி ஆட்டத்தைக் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு வேலை, சொந்த மட்டைகளோடு வர வேண்டும் என்றது இரண்டாவது.

அய்யாவு அந்த மன்றத்தில் பத்தொன்பது வருஷம் பை சுமந்தவர். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழர்கள் கேடி என்றே சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று தனலெட்சுமியின் அப்பா கேட்டதற்கு, உடன் வந்த பெரியவர் பெருமையாக, "கிளப்புல கேடி" என்றார். அப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். விளக்கிச் சொல்லி உட்கார வைக்க அரைமணி நேரம் ஆயிற்று. பதினெட்டு வருஷமாகியும் தனலெட்சுமிக்குக் கோபம் வந்தால் அதைத்தான் எடுப்பாள்: "எங்கப்பா அன்னைக்கே எந்திரிச்சாரு. நாந்தான் கூறுகெட்டுப் போயி சரின்னேன்."

தாள்கள் ஒட்டப்பட்ட மறுநாள் மதியம் அவர் கிள்ளான் சந்தைக்கு வந்தார். தனலெட்சுமி அங்கே கீரையும் காய்கறியும் வாழையிலையும் விற்றாள். வழக்கமாக அவர் கடைப்பக்கம் வருவதில்லை. வந்தவர் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, இரண்டு தாள்களிலும் இருந்ததைச் சொன்னார். அவள் கையில் இருந்த கத்தரிக்காயைத் தராசில் வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேருக்கு வேலை?"

"ஒருத்தருக்கு."

"நீங்க நல்லா அடிப்பீங்கள்ல?"

"திங்கக்கிழமை திங்கக்கிழமை எங்கள அடிக்க விடுவாங்க. எவனாச்சும் இரவல் குடுத்த மட்டையில எண்பதுக்குப் பக்கத்துல முடிப்பேன். ரெங்கசாமியும் அப்படித்தான். மத்தவனுங்க தொண்ணூறு."

"அப்ப நீங்களும் ரெங்கசாமியுந்தான்."

"நானும் ரெங்கசாமியுந்தான். ஆனா மட்டை வேணுமே தனம். சொந்த மட்டை."

அவருக்கு நாற்பத்துநாலு வயது. வேறு தொழில் தெரியாது. மகள்களில் பெரியவள் பள்ளியில் ஐந்தாம் பாரத்தில் இருந்தாள், சின்னவள் மூன்றாம் பாரத்தில். பயிற்றுநர் வேலைக்கு மாதச் சம்பளம் உண்டு, சேமநிதி உண்டு. பை சுமக்கிறவனுக்கு எதுவும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் கையில் வைப்பதுதான் கூலி, மழை பெய்தால் அதுவும் இல்லை.

அந்த வாரமே அவர் கோலாலம்பூருக்குப் போய்க் கடைகளில் விலை கேட்டார். ஆகக் குறைந்த புதுச் செட் ஆயிரத்து நானூறு வெள்ளி. ரெங்கசாமி அதையே இரண்டு வருஷத் தவணையில் எடுத்துவிட்டான் என்று தெரிந்தது. தனலெட்சுமியிடம் இருந்தது ஐந்நூற்றுச் சொச்சம். பண்டமாரானில் இருந்த தங்கள் வீட்டின் பின்பக்கக் கூரைத் தகரத்தை மாற்றுவதற்கென்று சேர்த்தது.

"பழசு கெடைக்காதா?" என்றாள்.

"கனகசபை அய்யாவோடது இருக்கும்" என்றார்.

கனகசபை பொதுப்பணித் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். பதினோரு வருஷம் ஞாயிறு தவறாமல் அவருடைய பையைச் சுமந்தவர் அய்யாவு. போன நவம்பரில் கனகசபை இறந்தார். மனைவி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தனியாக இருந்தார்.

"போயிக் கேளுங்க."

"என்னால முடியாது. அந்தப் பையைத் தூக்கின தோளு இது. அத வெலை பேச எனக்கு வாய் வராது. நீ போ. பதினாலு மட்டை இருக்கும். எண்ணி வாங்கு, பதினாலு. அப்புறம் இன்னொன்னு." அவர் விரலை உயர்த்தினார். "அந்தம்மாகிட்டப் போயி கொசுறு கிசுறுன்னு கேக்காத. மானம் போயிரும்."

"நான் எங்க கேக்கறேன்?" என்றாள் தனலெட்சுமி.

அவள் கேட்காத இடமே கிடையாது. மீன் வாங்கினால் ஒரு தலை, துணி வாங்கினால் ஒரு கைக்குட்டை, தகரம் வாங்கினால் நாலு ஆணி. கேட்பதைப் போலவே கொடுக்கவும் செய்தாள். பத்து வாழையிலை கேட்டவருக்குப் பதினொன்று எண்ணுவாள். காய் வாங்கினவர் கேட்கும் முன்பே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் பைக்குள் போகும். எண்ணிக்கைக்குச் சரியாகக் கொடுப்பவனைச் சந்தையில் யாரும் யோக்கியன் என்று சொல்ல மாட்டார்கள், கஞ்சன் என்பார்கள். பத்து என்றால் பத்துக்குக் குறையக்கூடாது. அதற்கு மேலே போவது விற்கிறவரின் மனசு. இருபது வருஷமாக எண்ணிக்கை என்பதற்கு அவள் அறிந்த பொருள் அதுதான்.

*

பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் கனகசபையின் பெயர்ப்பலகை இன்னும் இருந்தது. அவர் மனைவி புனிதவதி, மெல்லிய சாம்பல்நிறப் புடவையில், கதவைத் திறந்து நின்றார். தனலெட்சுமி தான் யாரென்று சொல்லாமல், கேள்விப்பட்டு வந்ததாக மட்டும் சொன்னாள். யாரென்று சொன்னால் பேரம் பேச முடியாது.

"உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"வேணாம் ஆன்டி. சாமானப் பாத்திட்டுப் போறேன்."

பை கூடத்தின் மூலையில் இருந்தது. தனலெட்சுமி ஒவ்வொன்றாக உருவி எண்ணினாள். பதினாலு. கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு மட்டையின் தலையையும் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு ஆன்டி?"

"எழுநூறு எண்டு அவற்ற கூட்டாளி ஒருத்தர் சொன்னவர்."

"எழுநூறா? இங்க பாருங்க, இது துரு. இது பிடி தேஞ்சு போச்சு. முந்நூறுன்னா எடுத்துக்கிறேன்."

"எனக்கு இந்த யாவாரம் தெரியாது பிள்ளை."

"பைகூட கிழிஞ்சிருக்கு பாருங்க, தோள்வாருல தையல் போட்டிருக்கு. எவனோ கோணி ஊசியில தைச்ச மாதிரி."

புனிதவதி குனிந்து அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தார். "அது அய்யாவு தைச்சது. இவற்ற கேடி. கடையில குடுக்கச் சொன்னதுக்கு, வீணாக் காசு செலவழியாதேங்கோ அய்யா எண்டு சொல்லி, தானே வீட்டை கொண்டு போய்த் தைச்சுக்கொண்டு வந்தவர். இவர் அதை வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டுவார்."

தனலெட்சுமி பையிலிருந்து கையை எடுத்தாள். அந்த ஊசி அவளுடையது. சாக்குத் தைக்கிற ஊசியை ஒடித்துவிட்டார் என்று அன்று அவள் சண்டை போட்டிருந்தாள்.

"நான் அவரு சம்சாரம் ஆன்டி" என்றாள்.

புனிதவதி அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் உள்ளே போய்த் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். அறிவிப்புப் பலகையைப் பற்றியும் ஏப்ரல் 8ஆம் தேதியைப் பற்றியும் தனலெட்சுமி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"உங்களிட்ட எவ்வளவு இருக்கு?"

"ஐந்நூத்திச் சொச்சம். அதுல பஸ்ஸுக்குப் போவணும், வீட்டுக்கு அரிசி வாங்கணும்."

"நானூற்றி இருபது தாங்கோ. சும்மா தரலாம். ஆனா சும்மா குடுத்தா அய்யாவு வாங்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்."

காசு கைமாறியது. பையைத் தோளில் மாட்டினாள். நாற்பது கிலோ முட்டைக்கோசு மூட்டைக்குப் பழகிய தோளுக்கு அது ஒன்றுமில்லை. படியில் இறங்கும்போது, இருபது வருஷத்துப் பழக்கம், மனசுக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"கொசுறு ஒன்னும் இல்லையா ஆன்டி?"

"கொசுறோ? அதென்ன?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் விளக்கினாள். "மேல போடறது ஆன்டி. காய் வாங்கினா கறிவேப்பிலை குடுப்பமே, அந்த மாதிரி. கணக்குல சேராது. மனசுக்கு."

புனிதவதி சிரித்தார். அந்த வீட்டுக்குள் போனதிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போய், திரும்பி வரும்போது கையில் ஒரு குட்டை மட்டை இருந்தது. பந்தைக் குழிக்குள் உருட்டுகிற மட்டை, பாதிக்குப் பக்கமாக அறுத்துச் சிறிதாக்கியது.

"பென்ஷன் எடுத்த வருஷம் எனக்கெண்டு அறுத்துத் தந்தவர். தம்ளரைச் சரிச்சு வைச்சிட்டு, இந்தக் கூடத்திலயே பந்தை உருட்டச் சொல்லுவார். எனக்கு ஒருநாளும் தம்ளருக்குள்ள போகேல்லை. அவர் சிரிச்சுக்கொண்டே இருப்பார். இதை மட்டும் வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? கொண்டு போங்கோ. உங்கட மனுசனுக்கு நல்லது நடக்கட்டும்."

கிள்ளான் பஸ்ஸில் பை ஒரு இருக்கையைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் தமிழ்ப் பையன். "அக்கா, இது யாரு, உங்க மாமியாரா? சீட்டு புடிச்சு உக்காந்துருக்கு லா. டிக்கெட்டு எடுங்க."

"மாமியாருக்கு வயசாயிருச்சு தம்பி, அரை டிக்கெட்டு போடு" என்றாள். அரை டிக்கெட்தான் போட்டான்.

சந்தையில் இறங்கி, குட்டை மட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, கடையில் சாக்குகளுக்கு அடியில் வைத்தாள். பையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

அய்யாவு பாயை விரித்துப் பதினாலையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, பிடித்து, திரும்ப வைத்தார். கடைசியில், "கொசுறு கேட்டியா?" என்றார்.

"சேச்சே" என்றாள்.

*

நாலு வாரங்கள் அவர் அந்த மட்டைகளோடு இருந்தார். துருவை மணல்தாளால் தேய்த்தார். பிடிகளுக்கு, சைக்கிள் கைப்பிடிக்குச் சுற்றுகிற நாடாவை வாங்கிச் சுற்றினார். மாலையில் பக்கத்து மண்திடலில் பந்தை அடித்து, பெண்கள் இருவரையும் பொறுக்கி வரச் சொன்னார். ரெங்கசாமி ஒருநாள் சந்தைக்கு வெண்டைக்காய் வாங்க வந்தவன், போகிற போக்கில், "என்னக்கா, பொணத்து மட்டையாமே? பந்து நேரா சுடுகாட்டுக்குப் போயிறப் போவுது" என்றான்.

"ஒன்னோடது தவணை மட்டை. பந்து அடிச்சா கடைக்காரன்தான் ஓடி வருவான்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரெங்கசாமியும் சிரித்தான். அவனுக்கு நாலு பிள்ளைகள், எல்லாம் சின்னது. பைக்குள் கறிவேப்பிலை போட்டுத்தான் அனுப்பினாள்.

போட்டி அன்று ஆட்டக்காரருக்குப் பை சுமக்க ஒருவர் வேண்டும். மற்ற கேடிகள் இருபது வெள்ளி கேட்டார்கள்.

"கேடிக்கு எதுக்கு இன்னொரு கேடி?" என்றாள் தனலெட்சுமி. "திங்கக்கிழமை சந்தையும் லீவு. நானே தூக்கறேன். இருபது வெள்ளி மிச்சம்."

அய்யாவு யோசித்தார். பை சுமப்பது வெறும் சுமை அல்ல என்று சொல்ல வாயெடுத்தவர், ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்திக் கொடுத்தவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 8 காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது, முந்தின நாள் கடையிலிருந்து கொண்டுவந்து ஒளித்திருந்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து அவள் குட்டை மட்டையை எடுத்தாள். பையின் பக்கவாட்டில் மழைச்சட்டை வைக்கிற நீளமான ஜிப் அறை இருந்தது. அளவெடுத்த மாதிரி அதில் அடங்கியது. மேலே மழைச்சட்டையை மடித்து வைத்து மூடினாள். மனசார மேலே போட்டுக் கொடுத்த பொருள். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கொண்டு போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஜெயித்து வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஐந்து பேர் ஆடினார்கள். ரமலான் நோன்பு மாதம். மன்றச் செயலாளர் வெயிலுக்கு முன்பே எல்லோரையும் அனுப்பிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். அய்யாவும் ரெங்கசாமியும் ஜோடி. அய்யாவின் அடிகளை ரெங்கசாமி எழுத வேண்டும், ரெங்கசாமியின் அடிகளை அய்யாவு. முதல் குழி தொடங்கும் இடத்தில் அய்யாவு பைக்குள் விரலை விட்டு மட்டைத் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது வருஷம் மற்றவர்களுக்காகச் செய்தது.

"பதினாலு" என்றார்.

"பதினாலு" என்று செயலாளரும் குறித்துக்கொண்டார்.

தனலெட்சுமிக்கு ஆட்டம் புரியவில்லை. ஆனால் முகம் புரிந்தது. எட்டாவது குழியைத் தாண்டும்போது புருஷன் நடை மாறிவிட்டதைப் பார்த்தாள். மற்றவர்களின் பைக்குப் பின்னால் தலை குனிந்து நடந்து பழகிய மனுஷன், கைவீசி முன்னால் நடந்தார். அவர் கேட்கிற மட்டையை அதன் தலையில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு தடவை மாற்றிக் கொடுத்தபோது அவர் சத்தம் போடவில்லை. "ஏழு கேட்டேன், ஒன்பது குடுக்கிறியே. இங்கயும் கொசுறா?" என்றார். அவள் சிரித்து மழுப்பினாள்.

பதினாலாவது குழி முடிந்தபோது ரெங்கசாமி அட்டையைக் கூட்டிப் பார்த்தான். "மூணு அடி முன்னால இருக்கீங்கண்ணே" என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. "நாலு குழிதான் பாக்கி."

பதினைந்தாவதைத் தொடங்கப் போகும்போது மழை பிடித்தது. கிள்ளான் மழை, முன்னறிவிப்பு இல்லாமல் கொட்டுகிற மழை. ரெங்கசாமியும் அவனுடைய ஆளும் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போனார்கள்.

"தனம், மழைச்சட்டை" என்றார் அய்யாவு.

அவள் ஜிப்பை இழுத்தாள். சட்டையை உருவியபோது அதோடு சேர்ந்து குட்டை மட்டையும் நழுவி ஈரப்புல்லில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். தனலெட்சுமி சிரித்துவிட்டாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை. வெற்றிக்கு நாலு குழிதான் பாக்கி. "திட்டாதீங்க. அந்தம்மா கொசுறாக் குடுத்தது. அவங்க ஆடுன மட்டையாம். நல்லது நடக்கட்டும்னு சொல்லிக் குடுத்தாங்க."

அவர் மழைச்சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து மட்டையை எடுத்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"இது எப்பலேருந்து பையில இருக்கு?"

"காலையிலேருந்து. ஏன்?"

"முதல் குழியிலேருந்தே."

"ஆமாம். ஏங்க?"

"பதினாலுக்கு மேல இருக்கக்கூடாது தனம்."

அவள் விளங்காமல் பார்த்தாள். "கொறையக்கூடாது. நீங்கதான சொன்னீங்க, எண்ணி வாங்குன்னு."

"கொறைஞ்சா பரவால்ல. ஒரு மட்டையிலகூட ஆடலாம். மேலதான் கூடாது."

"நீங்க இதத் தொடவே இல்லையே!"

"தொடணும்னு இல்ல. பையில இருந்தாலே குத்தம். ஒரு குழிக்கு ரெண்டு அடி, நாலு அடி வரைக்கும் ஏறும்."

அவளுக்குக் கூட்டல் தெரியும். மூணு அடி முன்னால், நாலு அடி தண்டம். மழைத்தண்ணீர் முகத்தில் வழிய, சுற்றிலும் பார்த்தாள். ரெங்கசாமியின் குடை தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு போனது. பத்தடி தள்ளி வேலி, வேலிக்கு அப்பால் செம்பனை மரங்கள்.

"குடுங்க இப்படி" என்று கை நீட்டினாள். "அந்தப் பக்கம் வீசிடறேன். யாரு பாத்தா? பொம்பளை அறியாமச் செஞ்சது. ஆட்டத்துல நீங்க ஒரு தப்பும் செய்யல. புள்ளைங்க ரெண்டையும் நெனச்சுப் பாருங்க."

அவர் கொடுக்கவில்லை. மழையில் நின்றார். தூரத்தில் ரெங்கசாமி திரும்பி, "அண்ணே, வரீங்களா?" என்று கூப்பிட்டான்.

அய்யாவு நடந்தார். குட்டை மட்டை கையிலேயே இருந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

"ரெங்கசாமி, பையில பதினஞ்சு இருக்கு. மொத குழியிலேருந்து இருந்திருக்கு. முதல் குழியில ரெண்டு, ரெண்டாவதுல ரெண்டு, சேத்து எழுது."

ரெங்கசாமி மட்டையைப் பார்த்தான். தனலெட்சுமியைப் பார்த்தான். குடை அவன் தலைக்கு மேல் சாய்ந்து, தண்ணீர் அட்டையில் விழுந்தது.

"நான் ஒன்னும் பாக்கலண்ணே."

"நான் பாத்துட்டேன்."

"இது புள்ளைங்க வெளையாடற குச்சி மாதிரி இருக்கு. இதப் போயி ஒரு மட்டைன்னு..."

"எழுது."

ரெங்கசாமி உடனே எழுதவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஈரமான அட்டையைத் தொடையில் வைத்து, இரண்டு இடத்தில் திருத்தினான். அய்யாவு குட்டை மட்டையைத் தலைகீழாகப் பைக்குள் செருகி, "இது இனி ஆட்டத்துல இல்லை" என்று சத்தமாகச் சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டும் என்பது விதி.

மீதி நாலு குழியையும் ஆடினார். நன்றாகவே ஆடினார். தனலெட்சுமி எண் மாறாமல் மட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

அட்டையைக் கொடுக்கும்போது செயலாளர் திருத்தங்களைப் பார்த்துவிட்டு, யார் கண்டுபிடித்தது என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றார் அய்யாவு. எங்கே இருந்தது என்று கேட்டார். மழைச்சட்டை வைக்கும் அறையில். யார் வைத்தது? தனலெட்சுமி ஓரடி முன்னால் வந்தாள். அவளுக்கு முந்தி அய்யாவு, "என் பை, துவான்" என்று மரியாதையாகச் சொன்னார். செயலாளர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடிகள் பலகையில் எழுதப்பட்டன. ரெங்கசாமி எண்பத்தொன்று. அய்யாவு எழுபத்தெட்டும் நாலும், எண்பத்திரண்டு.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பை இருவருக்கும் நடுவில் நின்றது. அவர் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். மழை விட்டிருந்தது.

"திட்டிருங்க" என்றாள் தனலெட்சுமி. "இப்படி உக்காந்து வராதீங்க."

"எண்ணி வாங்குன்னு சொன்னேன்" என்றார். "மேல இருக்கக்கூடாதுன்னு சொல்லல. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயம்னே தோணல."

"கேக்காதன்னு சொன்னீங்க. கேட்டேன். கேக்கலன்னு பொய்யும் சொன்னேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குகிற இடம் வந்தபோது அவள் பைக்குக் கை நீட்டினாள். "விடு" என்று சொல்லி, தானே தோளில் மாட்டிக்கொண்டார்.

மே முதல் தேதி மின்வண்டிகள் ஓடத் தொடங்கின. அன்றே ரெங்கசாமி துணைப் பயிற்றுநராகச் சேர்ந்தான். அய்யாவுக்கு மே 20ஆம் தேதி தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி வேலை கிடைத்தது. ஜூன் மாதம் பதினாலு மட்டைகளையும் பையையும் சுங்கை வேயில் ஒரு குமாஸ்தாவுக்கு நானூற்று இருபது வெள்ளிக்கே கொடுத்தார்கள். வாங்கினவர் மேலே ஏதும் கேட்கவில்லை. குட்டை மட்டை சந்தைக் கடையில் இருக்கிறது. உயரத்தில் கொக்கியில் தொங்கும் பைகளை எடுக்க தனலெட்சுமி அதைப் பயன்படுத்துகிறாள்.